எழுத்தும் எந்திரமும் – 19: புள்ளியில் நின்ற கோப்பு

'தமிழ்' என்ற ஒரே சொல்லைக் கணினிக் கோப்பு ஒன்றில் எழுதிச் சேமித்தால், யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் அது 15 பைட்டு பிடிக்கும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு. வட்டில் கிடப்பவை எண்கள். 224, 174, 164 என்று தொடங்கி 224, 175, 141 என்று முடியும். இன்னொரு கோப்பில் 'பாரதி' என்று எழுதுங்கள். அதுவும் ஐந்து குறி, அதுவும் 15 பைட்டு.

இந்த இரண்டு கோப்பையும் ஆங்கில விண்டோஸ் கணினி ஒன்றில், பைத்தான் மொழியின் 3.6 அல்லது 3.8 போன்ற பதிப்பில், குறியேற்றம் இன்னதென்று சொல்லாமல் திறந்து படிக்கச் சொன்னால் இரண்டு விதமான விளைவு கிடைக்கும். 'பாரதி' சத்தமில்லாமல் திறந்துவிடும். ஆனால் கையில் வருவது பாரதி இல்லை. பதினைந்து அந்நியக் குறிகள். தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில 'ஏ', அதையொட்டி வட்டத்துக்குள் 'ஆர்' என்ற வணிகப் பதிவுக் குறி, பிறகு ஏதோ ஒன்று. இந்த மூன்றும் மாறி மாறி வரும். இணையத்தில் தமிழ் படித்த எவரும் இந்தக் கோலத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். 'தமிழ்' என்ற கோப்போ திறக்கவே திறக்காது. பதினான்கு பைட்டைத் தாண்டி, பதினைந்தாவதில், அதாவது புள்ளியின் கடைசி எண்ணான 141-இல், நிரல் பிழை காட்டி நின்றுவிடும்.

காரணம் எளியது. அந்தக் கணினியின் இயல்பான குறியேற்றம் மைக்ரோசாஃப்ட்டின் 1252 என்ற கோட் பேஜ். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக அமைத்த 256 இடங்கள் கொண்ட அட்டவணை அது. அதில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. யூடிஎஃப்-8 தமிழில் 141 புள்ளியின் கடைசிப் பைட்டு. 129 உகரக் குறியின் கடைசிப் பைட்டு. 143 ஏ என்ற எழுத்துக்கும் 144 ஐ என்ற எழுத்துக்கும் உரியவை. ஆகவே புள்ளி வைத்த எந்தத் தமிழ் வரியும் அந்த அட்டவணையைத் தாண்டிப் போக முடியாது. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் இரண்டு வரி எழுத முயன்றால் அது எத்தனை பெரிய தடை என்பது விளங்கும்.

யூடிஎஃப்-8 பிறந்தது 1992-இல் என்று சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் அதை வடிவமைத்துக் கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்த பிறகும், உலகம் முழுவதும் புழங்கும் ஒரு நிரல்மொழி தமிழ்க் கோப்பின் புள்ளியில் இடறி நின்றது. நிரலர் ஒன்றும் சொல்லாதபோது மொழி தானாக எதை எடுத்துக்கொள்ள வேண்டும்? அந்தச் சிறிய முடிவை யார் எடுத்தார்கள், எதனால் எடுத்தார்கள், அதைத் திருத்த ஏன் இத்தனை ஆண்டு ஆயிற்று என்பதே இந்த அத்தியாயம்.

ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் கணித, கணினி ஆய்வு மையத்தில் பணியாற்றிய கைடோ வான் ராசம் 1989 டிசம்பரில் பைத்தானை எழுதத் தொடங்கினார்; 1991 பிப்ரவரியில் முதல் வெளியீடு. யூனிகோடின் முதல் பதிப்பு அச்சானது அதே ஆண்டு அக்டோபரில்தான். ஆகவே அந்தப் பழைய பைத்தானில் சரம் என்றால் வெறும் பைட்டு வரிசை. கோப்பைத் திறந்தால் உள்ளே இருக்கும் எண்கள் அப்படியே வரும். திரும்ப எழுதினால் அப்படியே போகும். என்ன எழுத்து என்று மொழி கேட்கவும் இல்லை, தெரிந்துகொள்ளவும் இல்லை. இந்த அறியாமையால் ஒரு நன்மையும் இருந்தது. தகுதரம் என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் எழுதிய தமிழும் சரி, பாமினி எழுத்துருவில் அடித்த தமிழும் சரி, பைத்தான் 1-இன் கையில் சேதப்படாமல் உள்ளே போய் வெளியே வந்தன.

2000 அக்டோபரில் வந்த 2.0 பதிப்பு யூனிகோடு சரம் என்ற புதிய வகையைச் சேர்த்தது. அதன் வடிவமைப்பை எழுதியவர் மார்க்-ஆந்த்ரே லெம்பர்க். இப்போது மொழியில் இரண்டு வகைச் சரங்கள் ஆகிவிட்டன; இரண்டையும் ஒட்டும்போது பழைய பைட்டுச் சரத்தை எந்தக் குறியேற்றமாகக் கருதுவது என்ற கேள்வி எழுந்தது. யூடிஎஃப்-8, ஐரோப்பாவின் லத்தீன்-1, ஆஸ்கி என்று மூன்று பேச்சுகள் இருந்தன. கடைசியில் ஆஸ்கி நின்றது. 127-க்கு மேற்பட்ட எண் வந்தால் ஊகிக்காதே, பிழை காட்டு என்பது அதன் பொருள். கண்டிப்பான முடிவு, ஆனால் நேர்மையானது என்றே நான் நினைக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நிரலைத் திருத்த முடியும்.

நிரலர்கள் அதை அப்படிப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் சோதித்த நிரல் வாடிக்கையாளரின் பெயரில் ஒரு பிரெஞ்சு எழுத்து வந்ததும் விழுந்தது. இயல்புக் குறியேற்றத்தை மாற்றும் வசதி ஒன்று மொழிக்குள் இருந்தது. நிரல் தொடங்கும் முன்பே அதை மொழி மறைத்துவிடும். மறைத்ததை மறுபடி வெளியே இழுத்து யூடிஎஃப்-8 என்று வலுக்கட்டாயமாக மாற்றும் இரண்டு வரித் தந்திரம் உலகமெங்கும் நகலெடுக்கப்பட்டது. அது ஒரு நிரலகத்தை உயிர்ப்பித்து இன்னொன்றைக் கெடுத்தது. பைத்தான் 3-ஐ உருவாக்கக் கிடைத்த காரணங்களில் முதன்மையானது இந்தச் சரக் குழப்பம்.

2008 டிசம்பர் 3 அன்று 3.0 வந்தது. சரம் என்றால் இனி யூனிகோடு. பைட்டு என்றால் பைட்டு. இரண்டும் தானாகக் கலக்காது. நிரல் எழுதிய கோப்பு யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளப்படும் என்ற விதியை மார்ட்டின் ஃபான் லோவிஸ் முன்மொழிந்து சேர்த்திருந்தார். மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்ற வசதியும் அப்போதுதான் வந்தது. எல்லாம் நல்ல திசையில் போனது, ஓர் இடம் தவிர.

தரவுக் கோப்பைத் திறக்கும் செயற்கூறான 'ஓபன்' குறியேற்றம் எதுவென்று சொல்லப்படாவிட்டால் என்ன செய்யும்? 2007-இல் எழுதிய புதிய உள்ளீடு-வெளியீட்டு வடிவமைப்பு, இயங்கும் கணினியின் லொகேல் அமைப்பைக் கேட்டுக்கொள்ளட்டும் என்றது. லொகேல் என்பது பயனரின் நாடு, மொழி, எண் வடிவம், நாள் வடிவம், எழுத்து அட்டவணை ஆகியவற்றைச் சேர்த்து வைக்கும் அமைப்பு. அமெரிக்க விண்டோஸில் அது 1252, ஜப்பானிய விண்டோஸில் 932, ரஷ்யாவில் 1251, மேக்கிலும் பெரும்பாலான லினக்ஸிலும் யூடிஎஃப்-8. ஆக ஒரே நிரல், ஒரே கோப்பு, நான்கு கணினியில் நான்கு விதமாக வாசிக்கப்படும். நிரலின் மூலக் கோப்பை எந்த நாட்டிலும் யூடிஎஃப்-8 என்று படிக்கும் அதே மொழி, அதே கோப்புறையில் பக்கத்தில் இருக்கும் உரைக் கோப்பை மட்டும் ஊருக்கு ஏற்றபடி படித்தது.

அன்றைக்கு அதற்கு நியாயம் இருந்தது என்பதை மறுக்கக்கூடாது. 2008-இல் விண்டோஸ் நோட்பேடில் ஒரு மாணவர் எதையாவது எழுதிச் சேமித்தால் அது கணினியின் கோட் பேஜில்தான் சேமிக்கப்படும். எக்செலிலிருந்து எடுக்கும் சிஎஸ்வி கோப்பும் அப்படியே. அதே கணினியில் அவர் எழுதும் முதல் பைத்தான் நிரல் அந்தக் கோப்பைச் சரியாகப் படிக்க வேண்டாமா? லொகேலைக் கேட்டால் படிக்கும். யூடிஎஃப்-8 என்று பிடிவாதம் பிடித்தால் படிக்காது. கோப்பு எழுதப்பட்ட கணினியிலேயே வாசிக்கப்படும் என்ற உலகத்துக்கு இது பொருத்தமான விடை. அந்த உலகம் ஏற்கெனவே கலைந்துகொண்டிருந்தது. குறியேற்றம் கோப்பின் பண்பு. அதை எழுதியவருக்குத்தான் அது தெரியும். படிக்கிற கணினி எந்த நாட்டில் வாங்கப்பட்டது என்பதை வைத்து அதைத் தீர்மானித்ததுதான் மூலப் பிழை.

இதன் முதல் அடி லினக்ஸில் விழுந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். லினக்ஸ் யூடிஎஃப்-8 தானே? பயனர் உள்நுழைந்து வேலை செய்யும்போது ஆம். குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணிகள், டாக்கர் கொள்கலன்கள், சில தொலைநிலை இணைப்புகள் ஆகியவற்றில் லொகேல் எதுவும் அமைக்கப்பட்டிருக்காது. அப்போது 'சி' லொகேல் என்ற பழைய வெறுமை வந்து உட்காரும். அதன் குறியேற்றம் ஆஸ்கி. பகலில் மேசையில் ஓடிய நிரல் இரவில் வழங்கியில் தானாக ஓடும்போது விழும். கட்டளைவரி நிரல்களுக்கான 'க்ளிக்' என்ற புகழ்பெற்ற நிரலகத்தை எழுதிய ஆர்மின் ரோனாகர், பைத்தான் 3 ஆஸ்கி சூழலில் இயங்குவதைக் கண்டால் நிரலை ஓடவே விடாமல் நிறுத்தும்படி அதை அமைத்திருந்தார். தவறான எழுத்தை எழுதுவதைவிட நின்றுவிடுவது மேல் என்பது அவர் நிலை.

2018 ஜூனில் வந்த 3.7 இதைத் தீர்த்தது. நிக் காக்லன் எழுதிய 538-ஆம் முன்மொழிவு 'சி' லொகேலைக் கண்டால் அதன் யூடிஎஃப்-8 வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளச் செய்தது. விக்டர் ஸ்டின்னர் எழுதிய 540-ஆம் முன்மொழிவு 'யூடிஎஃப்-8 முறை' என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதை இயக்கினால் லொகேல் என்ன சொன்னாலும் பைத்தான் காதில் வாங்காது, எல்லாம் யூடிஎஃப்-8. இந்த இரண்டையும் பரிசீலித்து ஏற்கும் பொறுப்பு ஜப்பானிய நிரலர் இனாடா நவோகியிடம் இருந்தது. அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் மட்டும் தனியாக நின்றது. அங்கே யூடிஎஃப்-8 முறை இருந்தும் அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. பயனர்தான் தேடி இயக்க வேண்டும். 2016 டிசம்பரில் வந்த 3.6-இல் ஸ்டீவ் டவரின் முயற்சியால் விண்டோஸ் கட்டளைத் திரையில் எழுதுவதும் கோப்புப் பெயர்களைக் கையாள்வதும் யூனிகோடுக்கு மாறின. கோப்பின் உள்ளடக்கம் மாறவில்லை. தமிழ் நிரலர் அதை எப்படிச் சந்தித்தார் என்று பாருங்கள். கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். நிரலில் மாறிக்குத் தமிழ்ப் பெயர் சூட்டலாம். திரையில் தமிழை அச்சிடலாம். அதே தமிழை அந்தக் கோப்புக்குள் எழுதப் போனால் 'இந்த எழுத்தை என்னால் குறியேற்ற முடியாது' என்ற பொருளில் பிழை வரும். இதில் கொடியது இன்னொன்று. எழுதுவதற்காகத் திறந்த நொடியிலேயே கோப்பின் பழைய உள்ளடக்கம் அழிக்கப்படும். பிழை அதற்குப் பிறகுதான் வரும். பழையதும் போய், புதியதும் ஏறாமல், பூஜ்யம் பைட்டுக் கோப்பு மிஞ்சும்.

சரி, இந்தியக் கணினியில் லொகேலைத் தமிழுக்கு மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். இங்கேதான் நம் மொழிக்கென்று ஒரு தனிக் கதை இருக்கிறது. விண்டோஸ் தமிழை ஏற்றது விண்டோஸ் 2000-இல், லதா எழுத்துருவோடு. அப்போது இந்திய மொழிகளை மைக்ரோசாஃப்ட் 'யூனிகோடு மட்டும்' என்ற வகையில் சேர்த்தது. ஜப்பானியம், ரஷ்யன், கிரேக்கம், தாய் மொழி ஆகியவற்றுக்கு இருந்ததுபோலத் தமிழுக்கு ஆன்சி கோட் பேஜ் எதுவும் தரப்படவில்லை. இஸ்கி தரத்தின் தமிழுக்கு 57004 என்று ஓர் எண் ஒதுக்கப்பட்டிருந்தாலும் அது உரையை மாற்றிக்கொள்வதற்கான எண். கணினியின் இயல்புக் குறியேற்றமாக அமரக்கூடியது இல்லை. ஆங்கிலம் (இந்தியா) என்று அமைத்து விற்ற கணினிகளில் இருந்தது 1252. ஆகவே லொகேலைக் கேட்டுக்கொள் என்ற விதி ஜப்பானியருக்கு ஒரு பழைய விடையையாவது தந்தது. தமிழருக்கு எந்த விடையும் தரவில்லை, தரவும் முடியாது. எங்கே லொகேல் யூடிஎஃப்-8 என்று இருந்ததோ அங்கே மட்டும்தான் அந்த விதியின்படி தமிழ் எழுத முடிந்தது.

கோட் பேஜ் இல்லாமல் போனதை நான் இழப்பாகக் கருதவில்லை. அப்படியொன்று கிடைத்திருந்தால் தகுதரம், டாப், டாம் ஆகிய பழைய தமிழ்க் குறியேற்றங்களோடு நான்காவதாக ஒன்று சேர்ந்து, இன்றுவரை நம்மைத் துரத்திக்கொண்டிருக்கும். ஆனால் யூனிகோடைத் தவிர வேறு வழியே இல்லாத ஒரு மொழிக்கு, யூனிகோடை இயல்பாக எடுத்துக்கொள்ளாத கருவி எப்படிப் பயன்படும்? இயல்பு எது என்பதை முடிவுசெய்த உரையாடல்களில் இந்தக் கேள்வி வெகுகாலம் எழவே இல்லை.

இதே சிக்கலை ஜாவா வேறு விதமாகச் சுமந்தது. 1996-இல் வந்த ஜாவா தொடக்கத்திலிருந்தே யூனிகோடு மொழி; சரத்தின் ஒவ்வோர் எழுத்தும் 16 பிட்டு. அதனால் ஜாவாவுக்கு இந்த நோய் கிடையாது என்று பலர் நம்பினார்கள். 1997 பிப்ரவரியில் 1.1 பதிப்பு கோப்பு படிக்க 'ஃபைல்ரீடர்', எழுத 'ஃபைல்ரைட்டர்' என்ற இரண்டு வகுப்புகளைத் தந்தது. பாடநூல்கள் அவற்றைத்தான் கற்றுக்கொடுத்தன. அவற்றுக்குக் குறியேற்றம் இன்னதென்று சொல்ல வழியே இல்லை! கணினியின் இயல்பு எதுவோ அதுதான். வேறு வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் இன்னொரு வகுப்பை எடுத்துச் சுற்றிக் கட்ட வேண்டும். குறியேற்றத்தைக் குறிப்பிடும் வசதி அவ்விரண்டு வகுப்புகளுக்கும் கிடைத்தது 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-இல். இருபத்தொரு ஆண்டுகள்.

பிழை காட்டும் விதத்திலும் இரு மொழிகளும் வேறுபட்டன. பைத்தான் நின்று கத்தும். ஜாவாவின் ஃபைல்ரைட்டர் 1252 கணினியில் 'தமிழ்' என்ற சொல்லை எழுதச் சொன்னால் ஐந்து கேள்விக்குறிகளை எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லும். கேள்விக்குறியிலிருந்து தமிழை மீட்க எந்தக் கருவியாலும் முடியாது. தவறான அட்டவணையில் படித்த உரையையாவது, பைட்டுகள் அப்படியே இருந்தால், மீண்டும் சரியாகப் படித்துவிடலாம். பெயர்ப் பட்டியல்களிலும் முகவரிகளிலும் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்பதைக் கண்டவர்கள், அங்கே ஒரு மனிதரின் பெயர் நிரந்தரமாக அழிந்தது என்பதை அறிய வேண்டும். இந்த இரண்டில் எனக்குப் பைத்தானின் கத்தலே மேல். பயனரைத் தொல்லை செய்தாலும் அது தரவைப் பொய்யாக்கவில்லை.

2011-இல் ஜாவா 7 புதிய கோப்பு வகுப்புகளைக் கொண்டுவந்தது. 2014-இல் ஜாவா 8 அவற்றில் குறியேற்றம் சொல்லப்படாவிட்டால் யூடிஎஃப்-8 என்று வைத்தது. நல்லதுதான். ஆனால் பழைய வகுப்பு கணினியைக் கேட்கும், புதிய வகுப்பு யூடிஎஃப்-8 எடுக்கும் என்று ஒரே மொழிக்குள் இரண்டு நியாயம் உருவானது. ஒன்றால் எழுதி மற்றதால் படித்தால், அதே கணினியில், அதே நிரலில், உரை சிதையும். இதைச் சமாளிக்க ஜாவா நிரலை ஓட்டும் கட்டளையில் கோப்புக் குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று ஒரு பண்பைச் சேர்ப்பது பல நிறுவனங்களில் வழக்கமானது. அதிகாரப்பூர்வமாக ஆதரிக்கப்படாத பண்பு அது. ஆனாலும் எங்கும் இருந்தது.

பைத்தானுக்குத் திரும்புவோம். 2019 ஜூனில் இனாடா நவோகி 597-ஆம் முன்மொழிவை எழுதினார். உரைக் கோப்பின் இயல்பை யூடிஎஃப்-8 ஆக்கிவிடலாம் என்பதே அதன் முதல் வடிவம். ஜப்பானியரான அவருக்கு எழுத்துச் சிதைவு புதிதில்லை. அதைக் குறிக்க 'மொஜிபாக்கே' என்ற சொல்லையே உலகுக்குக் கொடுத்த நாடு அது. அவர் கையில் வெறும் கருத்து மட்டும் இருக்கவில்லை. பைத்தான் பொதிகளில் அதிகம் பதிவிறக்கப்பட்ட 4000-ஐ எடுத்துப் பார்த்திருந்தார். அவற்றில் 489 பொதிகளின் அறிமுகக் கோப்பில் ஆஸ்கிக்கு வெளியே உள்ள எழுத்து ஏதோ ஒன்று இருந்தது. அந்த 489-இல் 82 பொதிகளை ஆஸ்கி லொகேல் கொண்ட கணினியில் மூலத்திலிருந்து நிறுவவே முடியவில்லை. நிறுவும் நிரல் அறிமுகக் கோப்பைக் குறியேற்றம் சொல்லாமல் திறந்ததுதான் குற்றம். இவற்றை எழுதியவர்கள் புதியவர்கள் இல்லை. மேக்கிலும் லினக்ஸிலும் வேலை செய்யும் தேர்ந்த நிரலர்கள். அவர்கள் கணினியில் எல்லாம் சரியாக ஓடியதால், இயல்பு எங்கும் யூடிஎஃப்-8 என்றே எண்ணிக்கொண்டவர்கள். விண்டோஸிலிருந்து புகார் வரும்வரை அவர்களுக்குத் தெரிய வழி இல்லை.

அந்த எண்ணிக்கை எவ்வளவு வலுவாக இருந்தாலும் முன்மொழிவு அப்படியே நிறைவேறவில்லை. எதிர்ப்புக்கும் காரணம் இருந்தது. ஜப்பானில், சீனாவில், ஐரோப்பாவில் விண்டோஸ் அலுவலகங்கள் தங்கள் கோட் பேஜில் பல ஆண்டுக் கோப்புகளை வைத்திருந்தன. அவற்றைப் படிக்கும் சிறுசிறு நிரல்கள் குறியேற்றம் சொல்லாமலே சரியாக ஓடிக்கொண்டிருந்தன. இயல்பை மாற்றிய மறுநாள் அவை விழும். எழுதும் நிரல்களோ விழாது. சத்தமில்லாமல் வேறு குறியேற்றத்தில் எழுதும், அதைப் படிக்கும் மற்றொரு கருவி பிறகு சிதையும். ஏற்கெனவே பைத்தான் 2-லிருந்து 3-க்குப் போன பத்தாண்டு வலி எல்லோருக்கும் நினைவில் இருந்தது.

இனாடா நவோகி முன்மொழிவைத் திரும்பப் பெறவில்லை, வடிவத்தை மாற்றினார். இயல்பை மாற்றுவதற்கு முன், இயல்பை நம்பியிருக்கும் இடங்கள் எவை என்று நிரலர்களுக்குக் காட்டுவோம் என்றார். 2021 அக்டோபரில் வந்த 3.10-இல் இரண்டு சிறு வசதிகள் சேர்ந்தன. ஒன்று, விரும்பி இயக்கினால், குறியேற்றம் சொல்லாமல் கோப்பைத் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் எச்சரிக்கை தரும். மற்றது, குறியேற்றம் என்ற இடத்தில் 'லொகேல்' என்ற சொல்லையே எழுதும் உரிமை. இரண்டாவது பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். நான் அதைத்தான் பெரிதாக மதிக்கிறேன். அதுவரை ஒரு நிரலில் குறியேற்றம் இல்லாமல் இருந்தால், எழுதியவர் மறந்தாரா, அல்லது கணினியின் வழக்கத்தையே உண்மையில் விரும்பினாரா என்று சொல்ல முடியாது. இப்போது விரும்பியவர் விரும்புகிறேன் என்று எழுதிவைக்கலாம். எழுதாதவர் எல்லாம் மறந்தவர் என்று ஆகிவிட்டது; மறந்தவருக்கு நல்ல இயல்பைக் கொடுப்பதில் யாருக்கும் தீங்கில்லை.

2022 மார்ச்சில் அவர் 686-ஆம் முன்மொழிவோடு திரும்பி வந்தார். யூடிஎஃப்-8 முறையை எல்லாக் கணினியிலும் இயல்பாக இயக்கிவிடுவது என்பது கோரிக்கை. இம்முறை அது ஏற்கப்பட்டது. ஆனால் உடனே இல்லை, 3.15 பதிப்பில். 2026 அக்டோபருக்குத் திட்டமிட்ட பதிப்பு அது. தாமதத்துக்கு நல்ல பலன் உண்டு. 3.9-இன் ஆயுள் 2025 அக்டோபரில் முடிந்தது. எனவே 3.15 வரும்போது ஆதரவில் இருக்கும் எல்லாப் பதிப்புகளுக்கும் 'லொகேல்' என்ற சொல் தெரிந்திருக்கும். ஒரே நிரலை எல்லாவற்றிலும் ஓடும்படி எழுதலாம்.

அதே 2022 மார்ச் மாதம் ஜாவாவும் மாறியது. ஆலன் பேட்மேனும் நவோட்டோ சாட்டோவும் எழுதிய 400-ஆம் ஜாவா முன்மொழிவின்படி, மார்ச் 22 அன்று வெளிவந்த 18-ஆம் பதிப்பில் இயல்புக் குறியேற்றம் எங்கும் யூடிஎஃப்-8. பழையபடி வேண்டுவோருக்கு அதே பண்பில் 'காம்பேட்' என்று எழுதும் வழி விடப்பட்டது. கணினியின் உண்மையான குறியேற்றம் எதுவென்று அறிய 17-ஆம் பதிப்பிலேயே தனியாக ஒரு பண்பு சேர்த்திருந்தார்கள். புள்ளியியலாளர்களின் ஆர் மொழி அடுத்த மாதமே 4.2 பதிப்பில் விண்டோஸில் யூடிஎஃப்-8-ஐ இயல்பாக்கியது. ரூபி 2020 டிசம்பரில் 3.0-இல் செய்துவிட்டது. கோ மொழிக்கு இந்தத் துயரம் எதுவும் இல்லை. 2009-இல் வெளியான அதை வடிவமைத்த மூவரில் இருவர் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும்.

இத்தனை மொழிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் மாறியது தற்செயல் இல்லை. 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் புதிய கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கத் தொடங்கியது. 2008-இல் லொகேலுக்கு ஆதரவாக நின்ற அந்த மாணவர் இப்போது நோட்பேடில் எழுதினால் கிடைப்பது யூடிஎஃப்-8 கோப்பு. லொகேலை நம்பும் பைத்தான்தான் அதைத் தவறாகப் படிக்கும். பழைய நியாயம் அப்படியே தலைகீழானது.

யூடிஎஃப்-8-க்கு இன்னொரு தகுதியும் இருக்கிறது, அதைப் போதிய அளவு யாரும் சொல்வதில்லை. 1252 போன்ற அட்டவணை எந்தப் பைட்டு வரிசையையும் ஏறத்தாழ அப்படியே விழுங்கிவிடும். 'பாரதி' பதினைந்து குப்பைக் குறிகளானது அதனால்தான். யூடிஎஃப்-8 அப்படி விழுங்காது. எந்தப் பைட்டுக்குப் பின் எது வரலாம் என்று அதற்குள் இறுக்கமான இலக்கணம் உண்டு. 1252-இல் எழுதிய ஜெர்மன் உரையையோ தகுதரத்தில் எழுதிய தமிழையோ யூடிஎஃப்-8 என்று படிக்க முயன்றால் பெரும்பாலும் முதல் சில சொற்களுக்குள் இலக்கணம் முறியும். பைத்தான் பிழை காட்டும். ஆஸ்கியைப் போல ஆங்கிலத்தோடு நின்றுவிடாமல், தவறான இயல்பாக அமைந்தாலும் தவறு பெரும்பாலும் உடனே வெளியே தெரியும் குறியேற்றம் அது. 1252 போன்ற அட்டவணையை இயல்பாக வைத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

தமிழில் இதற்குப் பிறகும் மிஞ்சும் வேலை நிறைய. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் முதல் ஆண்டுகளின் நூல்கள் பலவற்றைத் தகுதரத்தில் வெளியிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி வந்த டாப், டாம் குறியேற்றங்களில் அலுவலகங்களும் அச்சகங்களும் ஆண்டுக்கணக்கில் கோப்புகளைக் குவித்தன. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்ற பின்னும் அந்தக் கோப்புகள் அப்படியே இருக்கின்றன. தகுதரம் 2007-இல் இணைய எண் ஒதுக்கீட்டு அமைப்பின் பட்டியலில் பதிவானது. லினக்ஸின் உரைமாற்றக் கருவிக்கும் அது தெரியும். பைத்தானின் உள்ளிருப்பில் ஏறத்தாழ நூறு குறியேற்றங்கள் இருந்தும் தகுதரம் இல்லை, இஸ்கியும் இல்லை. 'ஓபன்-தமிழ்' போன்ற தன்னார்வ நிரலகங்களைத்தான் நாட வேண்டும். பாமினியின் நிலை இன்னும் மோசம். அது குறியேற்றமாகவே பதிவாகவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. ஆஸ்கி என்றோ யூடிஎஃப்-8 என்றோ திறந்தால் ஒரு பிழையும் வராது. அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக வரும், கணினி அதைச் சரியான உரை என்றே கருதும். எந்த மொழியின் எந்த இயல்பும் அதைக் கண்டுபிடிக்காது. அந்தக் கோப்புகளை அடையாளம் கண்டு மீட்டவர்களின் வேலையை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.